வற்றாளை இலையைச் சோதிக்கும்போது நிறத்தை நம்பலாமா?

மட்டக்களப்பில் கிழங்கு கிண்டி முடிந்தால் வற்றாளங்கொடி (சர்க்கரைவள்ளிக் கொடி) பெரும்பாலும் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான். கொழுந்தைச் சுண்டலுக்கு ஆய்கிறவர்களும் உண்டு. "சீனி வருத்தத்துக்கு நல்லது" என்ற பேச்சை வைத்து இந்த இலையைச் செயற்றிட்டத்துக்கு எடுக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலையில் பொலிபீனோல்கள் என்ற தாவரச் சேர்மங்கள் நிறைய இருப்பது தெரிந்த விடயம். நாம் செய்யும் சோதனை அவற்றைத்தான் காட்டுகிறதா என்பதே கேள்வி.

முதலில் கொடியைச் சரியாக அடையாளம் காணுங்கள். கடற்கரை அடம்பனும் கங்குனும் இதே ஐப்போமியா பேரினம்தான். அடம்பன் இலை நுனியில் பிளந்து ஆட்டுக்குளம்பு போலிருக்கும். வற்றாளை இலை இதய வடிவிலோ விரல்விட்டோ இருக்கும். கூன்வண்டுக்கு மருந்து அடித்த தோட்டத்து இலை வேண்டாம். நுனியிலிருந்து மூன்றாம் இலை முதல் ஆறாம் இலை வரை, காம்பு நீக்கி, ஒரே இனக் கொடியில் ஆயுங்கள். பச்சைக் கொடியையும் ஊதாக் கொடியையும் கலக்கவே கூடாது.

இலையைக் கசக்காமல் கழுவி, நிழலில் ஒற்றைப் படையாகப் பரப்புங்கள். கசங்கிய இலையில் நொதியம் பொலிபீனோலை ஒட்சியேற்றுவதால் இலை கபில நிறமாகும். தேடுகிற பொருளே குறைந்துவிடும். மாரி காலத்து ஈரக்காற்றில் நிழலுலர்த்தல் சரிவராது, பூஞ்சணம் பிடிக்கும். அப்போது 40 பாகை செல்சியசில் உலர்த்தியைப் பாவியுங்கள். இலையில் ஏறக்குறைய 85% தண்ணீர் என்பதால் ஒரு கிலோ இலைக்கு 150 கிராம் அளவில்தான் தூள் கிடைக்கும்.

10 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் 70% எதனோலில் மூடிவைத்து, இடைக்கிடை குலுக்கி, 24 மணித்தியாலத்தின் பின் வடியுங்கள். பக்கத்தில் இன்னொரு 10 கிராமைத் தண்ணீரில் 15 நிமிடம் அவித்து வடியுங்கள். சனங்கள் சாப்பிடுவது அவித்த இலையை என்பதால் இந்த இரண்டாவது சாறுதான் எனக்கு முக்கியம். அது கெட்டுப்போகும், குளிரூட்டியில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

பெரிக் குளோரைட்டுச் சில துளி விட்டால் பீனோல்கள் கரும்பச்சை அல்லது நீலக்கறுப்பு தரும். எதனோல் சாற்றில் பச்சையமும் பச்சைதான்! எக்சேன் என்ற கரைப்பானால் பச்சையத்தைக் கழுவி நீக்குங்கள், இல்லையேல் அவித்த சாற்றில் பாருங்கள். பொலிபீனோலில் ஒரு வகையான பிளேவனொயிட்டுக்கு மகனீசியத் துண்டும் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சிவப்பைத் தேடுவோம். ஊதா இலையிலுள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் மகனீசியம் இல்லாமலே அமிலத்தில் சிவக்கும். ஆகவே அமிலம் மட்டும் விட்ட குழாய் ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும். குலுக்கினால் நுரைக்கும் பொருளான சபோனினுக்கான நுரைச் சோதனையில், சவர்க்காரம் போகக் கழுவாத குழாய் எந்த இலைக்கும் நுரை தரும்.

கூடுதலாகப் பிழைப்பது மாப்பொருள்–அயடீன் சோதனை. மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் அமிலேசு நொதியத்தை இலைச்சாறு தடுத்தால் மாப்பொருள் செரிக்காது, அயடீன் தரும் நீலம் நிலைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் சாற்றிலுள்ள அஸ்கோர்பிக் அமிலம் போன்றவை அயடீனைத் தாழ்த்தி நீலத்தை அழித்துவிடும். நொதியம் வேலை செய்ததுபோலத் தெரியும். மாப்பொருளும் சாறும் அயடீனும் மட்டும் சேர்த்து, நொதியம் இல்லாத குழாய் ஒன்று வைக்காமல் முடிவு எழுதாதீர்கள்.

பல்கலைக்கழக வசதி இருந்தால் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் திறனை அளக்கும் டிபிபிஎச் (DPPH) சோதனை செய்யலாம்: 100 மில்லிலீற்றர் மெதனோலில் 4 மில்லிகிராம் டிபிபிஎச், சாறு சேர்த்து இருட்டில் 30 நிமிடம், 517 நனோமீற்றரில் உறிஞ்சல். சாற்றின் சொந்த நிறத்துக்கான வாசிப்பைத் தனியே எடுத்துக் கழிக்கவேண்டும். அஸ்கோர்பிக் அமிலத்தை ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

இதெல்லாம் சரிவந்தாலும் "குழாயில் அமிலேசைத் தடுத்தது" என்று எழுதலாம். "சீனியைக் குறைக்கும்" என்று எழுத முடியாது. குடித்த சாறு குடலில் என்ன ஆகிறது, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் குழாய் சொல்லாது. அதை நம்பி யாராவது குளிசையை நிறுத்தினால் ஆபத்து. இலையில் விற்றமின் கே இருப்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர் திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கவும் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கல்லுக்குக் காரணமாகும் ஒட்சலேற்றைக் குறைக்க அவித்த தண்ணீரை ஊற்றிவிடுவது நல்லது. அந்தத் தண்ணீரோடு பொலிபீனோலும் போகும். எவ்வளவு போகிறது என்று தண்ணீரையும் அவித்த இலையையும் தனித்தனியாக அளந்து பார்த்தால், அதுவே ஒரு நல்ல செயற்றிட்டம்.