தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார்

"இது வேற, அது வேறக்கா. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல" என்று நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விட்டபாடில்லை.

2023 ஆகஸ்டில் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின் புதிய சுற்று தொடங்கியபோது நான் ஒப்பந்தக் களப்பணியாளன். கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம் போட்டு விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனது மத்திய அரசின் ஆய்வுக்கு, தொகை மாநில அரசின் திட்டம். இந்த வித்தியாசமெல்லாம் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த எங்களுக்குத்தான். கதவைத் திறந்தவர்களைப் பொறுத்தவரை, கையில் டேப்லெட்டோடு வந்து குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்பவன் ஆயிரம் ரூபாய் விஷயமாக வந்தவன்.

அவர்களைத் தப்பு சொல்லவும் முடியாது. கேள்விகள் அப்படி. லிஸ்டிங் எடுக்கும்போது, அதாவது ஆய்வுக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முன் எல்லா வீடுகளையும் பட்டியலிடும்போது, நகரத்து வீடுகளை மூன்றாகப் பிரிப்போம்: பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் இருக்கும் வீடு, அதற்குக் குறைந்த விலையில் கார் இருக்கும் வீடு, கார் இல்லாத வீடு. கிராமத்தில் நிலத்தை வைத்துப் பிரிப்போம். உரிமைத் தொகைக்கு அப்போது வைத்திருந்த தகுதியைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்கு மேலும் புன்செய் 10 ஏக்கருக்கு மேலும் இருக்கக் கூடாது. மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்கு நாலு சக்கர வண்டி கூடாது. அவர்கள் எதை வாய்விட்டுச் சொல்லப் பயந்தார்களோ, நாங்கள் போய் முதலில் கேட்டது அதைத்தான்.

அந்த வீட்டில் முதலில் 'கார் இல்லை' என்றுதான் பதில் வந்தது. வாசலை ஒட்டி நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒன்று நின்றுகொண்டிருந்தது. கீழே டயர்கள் தெரிந்தன, இரண்டில் காற்றில்லை. (வீட்டின் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். ரகசியம் காப்பதாக அவரிடம் சொன்னது இந்தக் கட்டுரைக்கும் பொருந்தும்.) நான் அதைப் பார்ப்பதை அந்த அக்காவும் பார்த்துவிட்டார். கணவர் பட்டறை வைத்திருப்பவர். சரிசெய்து விற்றுவிடலாம் என்று வாங்கிய பழைய மாருதி, பேர் மாற்றிய கையோடு இன்ஜின் போய் அப்படியே நிற்கிறதாம்.

"ஆயிரத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன் தம்பி. இதச் சொன்னா நின்னுடுமா?"

அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் சொல்வதைப் புள்ளிவிவரத்துக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், "சரி, எழுதிக்குங்க" என்றார்.

'இல்லை' என்று முதலில் சொன்னதையே குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கப் போவதில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் கிடைக்கும் மொத்தச் செலவு, தேசியக் கணக்குகள் (ஜிடிபி போடும் கணக்குகள்) காட்டும் நுகர்வைவிடக் குறைவாகவே இருக்கிறது என்பது பழைய புகார். வசதியானவர்கள் கதவைத் திறப்பதில்லை, திறந்தாலும் முழுதாகச் சொல்வதில்லை. கார் இருக்கிறதா என்று பார்த்து வீடுகளைப் பிரிப்பதே அவர்கள் விட்டுப்போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தச் சுற்றில் நாடு முழுக்க எடுத்தது 2,61,953 வீடுகள். ஒரு வீடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பதிலாகப் பேசுகிறது. நான் ஒரு பொய்யை எழுதினால் அது ஆயிரம் வீட்டுப் பொய்.

இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் வருகிறது. ஓடாத மாருதி ஒன்று அந்தக் குடும்பத்தைக் கார் உள்ளவர்கள் பட்டியலில் ஏற்றியது. அந்தப் பட்டியலிலிருந்து எடுத்த வீடுகளில் அதுவும் ஒன்றாக வந்தது. வசதியானவர்களைத் தேடிப் போன வலையில் யார் சிக்கினார்கள் பாருங்கள்.

இந்த ஆய்வில் ஒரே வீட்டுக்கு மூன்று மாதம் போக வேண்டும். ஒரு முறை உணவு, ஒரு முறை மற்ற பொருள்களும் சேவைகளும், ஒரு முறை நீடித்து உழைக்கும் பொருள்கள். அந்த வீட்டுக்கு உணவு கடைசியாக வந்தது. முதல் மாதம் மின் கட்டணத்தைக் கேட்டேன்.

"ஐநூத்தி எண்பது."

"ரூபாயா?"

"யூனிட்டு தம்பி. அறுநூறு தாண்டல."

இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆண்டுக்கு ஆறு. 3,600ஐ ஆறால் வகுத்தால் 600. எந்தப் பயிற்சியிலும் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காத வகுத்தல் இது. அதே மூச்சில், நான் கேட்காமலேயே, "வருமானம் மாசம் பதினெட்டாயிரம்" என்றார். பன்னிரண்டால் பெருக்கினால் 2.16 லட்சம். தாராளமாக உள்ளே வருகிறது.

வருமானத்தை இந்த ஆய்வு கேட்பதில்லை என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வருமானம் கேட்காமல் அரசாங்கம் என்ன தெரிந்துகொள்ளும்? நியாயமான கேள்வி. நம் நாட்டில் வறுமைக் கோட்டையே செலவை வைத்துத்தான் போட்டார்கள். டெண்டுல்கர் குழு முறைப்படி 2011-12க்குக் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். வருமானம் கேட்டுப் பார்க்காமல் இல்லை. 1950, 60களில் தேசிய மாதிரி ஆய்வுச் சுற்றுகளில் கேட்டார்கள், 80களில் முன்னோட்டமாக ஒரு முறை கேட்டார்கள். வந்த வருமானம், செலவும் சேமிப்பும் சேர்ந்ததைவிடக் குறைவாக இருந்தது. அதாவது மக்கள் சாப்பிட்டதையும் மிச்சம் பிடித்ததையும் கூட்டினால் சம்பாதித்ததைவிட அதிகமாக வந்தது. அப்படியே கைவிட்டார்கள்.

இந்தக் கதையைப் பலரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். செலவைக் கேட்டால் ஜனங்கள் உஷாராவதில்லை, ஏழு நாளில் எத்தனை முட்டை என்று கேட்டால் யாரும் பொய் சொல்வதில்லை என்று சொல்லி முடிப்பேன். அந்த 580 யூனிட்டுக்குப் பிறகு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குப் பணம் போனது. கிடைக்காதவர்களுக்கு அடுத்த சில நாட்களில் மெசேஜ் வரத் தொடங்கியது. அக்டோபரில் நான் போனபோது அவர் கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நாலு சக்கர வண்டி இருக்குன்னு தள்ளிட்டாங்க. நீங்க எழுதிட்டுப் போனதுக்கு அப்புறம்."

வண்டிப் பதிவு அவர் கணவர் பேரில்தான் இருக்கிறது, அது போக்குவரத்துத் துறைக் கணினியில் இருக்கும், அங்கிருந்து எடுத்திருப்பார்கள் என்று விளக்கினேன். அப்படித்தான் நடந்திருக்கும். என் டேப்லெட்டிலிருந்து எதுவும் அங்கே போகவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் தெரியும் என்பதை அவருக்கு எதை வைத்து நிரூபிப்பது? அவர் பக்கத்தில் நின்று பார்த்தால், முதலில் ஒருவன் வந்து காரைக் கேட்டான், பிறகு காரைச் சொல்லிப் பணத்தை மறுத்தார்கள். அவ்வளவுதான்.

அத்தனைக்குப் பிறகும் உணவுக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். ரேஷன் அரிசி எவ்வளவு, கடை அரிசி எவ்வளவு, போன ஏழு நாளில் என்ன காய், எத்தனை முட்டை. முடிந்ததும் கேட்டார்: "அப்பீல் போட ஒரு மாசம் டைம் இருக்குதாம். இவ்வளவு எழுதியிருக்கீங்கல்ல, எல்லாத்தையும் கூட்டி ஒரு சீட்டுல போட்டுக் குடுங்களேன். எங்க கஷ்டம் அதுல இருக்குமில்ல."

கூட்டிப் பார்க்கத் தேவையில்லை, அதற்குள் மனக்கணக்காகவே ஓடிவிட்டது. நாலு பேர் குடும்பம், மாதம் ஏறத்தாழ 29,000. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பக்கம். அதில் மகளின் கல்லூரிக் கட்டணம் அடக்கம், அது நகை வைத்துக் கட்டியது. செலவுப் பட்டியலில் கட்டணம் கட்டணமாகத்தான் இருக்கும், நகை அடகுக் கடையில் இருப்பது கூட்டுத்தொகையில் தெரியாது. அந்தச் சீட்டை அவர் இ-சேவையில் கொண்டுபோய்க் கொடுத்தால், காருக்காகத் தள்ளியவர்கள் வருமானத்துக்காகவும் தள்ளுவார்கள்.

"அப்படிக் குடுக்கக் கூடாதுக்கா. சட்டம்."

"யாருக்குமேவா?"

"யாருக்கும்."

"அப்புறம் எதுக்குத் தம்பி எழுதுறீங்க?"

விலைவாசிக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், திட்டங்கள் போட இது தேவை என்றெல்லாம் சொன்னேன். ஒன்றும் தவறான தகவல் இல்லை. அவரும் தலையாட்டினார்.

களப்பணியாளன் கையெழுத்துப் போட்டு அப்படி ஒரு தாளைக் கொடுக்க முடியாது, அது நிச்சயம். அவருடைய கணக்கை வாய்வார்த்தையாக அவருக்கே சொல்லக் கூடாது என்று எங்கும் படித்ததாக நினைவில்லை. சொல்லியிருந்தால் தன் குடும்பம் காகிதத்தில் எங்கே நிற்கிறது என்றாவது தெரிந்திருக்கும். சொல்லாமல் விட்டது அவர் நன்மைக்குத்தான் என்று நினைக்கிறேன். 'தான்' என்பதை எடுத்துவிடலாமா என்று இப்போது யோசிக்கிறேன். பெயரும் முகவரியும் நீக்கிய வீட்டுவாரித் தரவைப் புள்ளியியல் அமைச்சகம் பிறகு வெளியிடுகிறது. ஆராய்ச்சி மாணவர் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அந்த வீட்டு முட்டையும் மின்சாரமும் கல்லூரிக் கட்டணமும் அதில் சில வரிகளாக இருக்கும். கேட்டுக் கிடைக்காமல் போனது அவருக்கு மட்டும்தான்.

2024 டிசம்பர் கடைசியில் முடிவுகள் வந்தன. தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி மாதச் செலவு நகரத்தில் 8,165 ரூபாய், கிராமத்தில் 5,701 ரூபாய். நாலு பேருக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு நகரத்தில் 3.9 லட்சம், கிராமத்தில் 2.7 லட்சம். சராசரிக் குடும்பமே வருமான வரம்பைத் தாண்டுகிறது என்று ஆவேசமாக நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவரும் இதே வேலையில் இருப்பவர். சராசரியை மேலே இருப்பவர்கள் இழுக்கிறார்கள், எல்லாக் குடும்பத்திலும் நாலு பேர் இல்லை, செலவு வருமானம் ஆகாது என்று வரிசையாக அடுக்கினார். எல்லாம் சரி. ஆனாலும், வாசலுக்கு வாசல், நாங்கள் கேட்காமலேயே, 'பதினெட்டாயிரம்', 'இருபதாயிரம்' என்று 2.5 லட்சத்துக்குச் சற்று உள்ளேயே பதில்கள் வந்து நின்றதை அவரும் பார்த்தவர்தான். வரம்பு இல்லாத ஊரில் அந்த அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். அதற்கு அவரிடமும் பதில் இல்லை.

அந்தக் குடும்பத்தின் உண்மையான வருமானம் எனக்குத் தெரியாது. பதினெட்டாயிரத்துக்கும் இருபத்தொன்பதாயிரத்துக்கும் இடையில் எங்கேயோ. மேல்முறையீடு என்ன ஆனது என்றும் தெரியாது. சுற்று முடிந்த பிறகு ஒரு வீட்டுக்குத் திரும்பப் போக எனக்கு எந்த வேலையும் இல்லை.

நாடு முழுவதும் குடும்ப வருமான ஆய்வு 2026இல் என்று 2025இல் அறிவித்தார்கள். அதற்கு முன் எடுத்த சோதனையில் பெரும்பாலோர் வருமானத்தைச் சொல்லத் தயங்கியதாகச் செய்தி வந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. கூப்பிட்டால் போவேன். மின்சார யூனிட்டையும் பள்ளிக் கட்டணத்தையும் முதலில் கேட்டுவிட்டு, வருமானத்தைக் கடைசியில், எழுந்திருக்கப் போகிற நேரத்தில் சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டால் கொஞ்சம் சரியான எண் வரும் என்று இப்போதே ஒரு யோசனை இருக்கிறது. சூப்பர்வைசர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. கேள்வி வரிசையை நாமாக மாற்றக் கூடாது என்பார்.