வெற்றிலையில் அவர்களுக்கும் பங்கு

மதியம் சிங்கப்பூர்த் தேக்காவில் சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த, மலேசியாவின் சபா மாநிலத்துத் தோழி கையையே பார்த்தாள்.

"இதை எங்கள் ஊரில் மலைக்கு வைப்போம்."

கினபாலு மலை. 4,095 மீட்டர். அங்குள்ள கடசான் டூசுன் பழங்குடி மக்களுக்கு அது செத்தவர்கள் போய்த் தங்கும் இடம். மலையேற அந்தச் செத்தவர்களிடம் அனுமதி கேட்கும் சடங்கில் 7 வெள்ளைக் கோழி, முட்டை, வெற்றிலை பாக்கு, புகையிலை.

புகையிலையுமா! என் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே போயிருப்பார்.

நம் படங்களில் பேய் என்றால் ஊட்டி பங்களாவும் வெள்ளைப் புடவையும்தான். வெற்றிலை போடும் தாத்தாப் பேயை ஏனோ யாரும் எடுப்பதில்லை.

இரவு வீடு திரும்பினால் புளோக் பக்கத்துத் திடலில் சீனர்கள் ஏழாம் மாதத்தில் பேய்களுக்காக நடத்தும் கெத்தாய் மேடைக் கச்சேரி. பாட்டு காதைப் பிளக்கிறது, முன்வரிசை நாற்காலிகள் மட்டும் காலி. அவர்களுக்காம்.

எதற்கு வம்பு என்று சுற்றித்தான் போனேன்.