எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை மேற்படிப்பு) எடுக்கப்போகும் பெண்களுக்கு: சாய்ஸ் லாக் செய்யுமுன் கேட்க வேண்டியவை

"எலும்பு டாக்டரா? அதுக்கெல்லாம் பலம் வேணும் மக்ளே, பேசாம கைனக்கோ ஸ்கின்னோ எடு." மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வில் ரேங்க் வந்த வாரத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் வீடுகளில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். பலத்துக்கு வழி உண்டு, கீழே சொல்கிறோம். அதைவிடப் பெரிய தொல்லை ஸ்டூல், கையுறை, டூட்டி ரூம், லாக்புக் (செய்த ஆபரேஷன்களைப் பதியும் நோட்டு) போன்ற சில்லறை விஷயங்களில்தான் இருக்கிறது.

பரீட்சை பற்றிச் சுருக்கமாக: 200 கேள்வி, சரிக்கு 4 மார்க், தப்புக்கு 1 கழியும். 2024 முதல் 40 கேள்விகள் கொண்ட 5 பகுதி, பகுதிக்கு 42 நிமிடம்; முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. இதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் தொடங்குவது கவுன்சிலிங்கில்.

காலேஜ் பெயரையும் கட்-ஆஃபையும் மட்டும் பார்த்து சாய்ஸ் லாக் (கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலை உறுதி) செய்யாதீர்கள். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் பிஜி (மேற்படிப்பு மாணவர்) ஒருவரைப் பிடியுங்கள். துறைத்தலைவரிடம் கேட்டால் நல்ல பதில் மட்டுமே வரும். கடந்த 3 பேட்ச்சில் எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், யாராவது பாதியில் விட்டார்களா? பெண்களுக்குத் தனி டூட்டி ரூம், உள்ளே தாழ்ப்பாள், பக்கத்திலேயே டாய்லெட் இருக்கிறதா? முதல் வருடத்தில் எத்தனையாவது மாதம் எலும்பில் துளையிடும் டிரிலைக் கையில் கொடுப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு "அது ஆளைப் பொறுத்து" என்று பதில் வந்தால், யார் யாருக்கு எப்போது கிடைத்தது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

குமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த சமஸ்தானத்து மேரி புன்னன் லூக்கோஸுக்குப் பெண் என்பதாலேயே திருவனந்தபுரத்தில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டது. வரலாறு படித்து பி.ஏ. வாங்கினார், பிறகு லண்டன் போய் மருத்துவம் படித்தார். 1938-இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே. அன்று வாசலிலேயே மறித்தார்கள். இன்று உள்ளே விடுகிறார்கள், ஆனால் நிற்க ஸ்டூல் இருக்காது.

ஸ்டூல் என்று சும்மா சொல்லவில்லை. ஆபரேஷன் செய்யும் இடம் உங்கள் முழங்கை மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். சீஃப் (தலைமை சர்ஜன்) ஆறடி என்றால் டேபிள் அவருக்கு ஏற்ப உயரும்; ஐந்தடி அசிஸ்டன்ட் தோளைத் தூக்கியே இரண்டு மணி நேரம் ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி) பிடிப்பார். மறுநாள் கழுத்து திரும்பாது. ஒரே ஸ்டூலில் நின்றால் பக்கவாட்டில் நகர முடியாமல் கால் தவறும். இரண்டை ஒட்டிப் போடச் சொல்லுங்கள். காட்டரி (ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் கருவி) பெடலையும் ஸ்டூல் மேலேயே வைக்க வேண்டும். ஸ்க்ரப் ஆவதற்கு (கை கழுவி ஆபரேஷனுக்குத் தயாராவதற்கு) முன்பே இதைச் செய்து முடிக்கணும், பிறகு கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். கையுறையிலும் அப்படித்தான். 6, 6½ தேவைப்படும் கைக்கு 7½ போட்டால் விரல் நுனி சுருண்டு முடிச்சில் மாட்டும், கே-வயரில் (எலும்பில் செருகும் கூர்க் கம்பி) கிழியும். ஸ்டோரில் இல்லையென்றால் தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லி அடுத்த இன்டென்டில் (பொருள் கேட்கும் பட்டியல்) எழுத வையுங்கள்.

இழுத்து வைக்கும் கேஸ்களில் கை பலத்தை நம்பாதீர்கள். இடுப்பு மூட்டு நழுவியதற்கு கேப்டன் மார்கன் முறை நல்லது: நோயாளியின் இடுப்பெலும்பை டேபிளோடு சேர்த்து ஸ்ட்ராப் போடுங்கள், உங்கள் பாதத்தை டேபிளில் ஊன்றி, முழங்காலை அவர் முழங்காலுக்கு அடியில் கொடுத்து, குதிகாலைத் தூக்கினால் உங்கள் கால் தசையே வேலையைச் செய்யும். நோயாளியின் தசை தளராமல் இழுத்தால் எந்தப் பயில்வானுக்கும் மூட்டு ஏறாது. பலாத்காரமாக இழுத்தால் தொடை எலும்புக் கழுத்து முறியவும் கூடும்.

சி-ஆர்ம் (தியேட்டரிலேயே எக்ஸ்ரே காட்டும் கருவி) விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். லெட் ஏப்ரன் (கதிரைத் தடுக்கும் ஈயக் கவசம்) பொதுவாக ஆண் உடம்பு அளவுக்கு வருவது. கைத்துளை அகலமாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பும்போது மார்பின் வெளி-மேல் பகுதி திறந்துவிடும். சின்ன துளையோ அக்குள் மறைப்போ உள்ளதைக் கேளுங்கள். மேல்-கீழ் இரண்டு துண்டாக வருவது எடையை இடுப்புக்கு இறக்கும். லேட்டரல் (பக்கவாட்டுப் படம்) எடுக்கும்போது கதிர் கிளம்பும் டியூப் பக்கம் நிற்காதீர்கள், சிதறல் அங்கேதான் அதிகம். படம் பிடிக்கும் பக்கம் நில்லுங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒரு பங்காகும். உடம்பில் பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் குத்துங்கள். பலர் அதை லாக்கரில் விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து சுத்தமான ரிப்போர்ட் வாங்குகிறார்கள்.

கர்ப்பத்தைத் தெரிவித்த நாளிலிருந்துதான் சிசுவுக்கான 1 மில்லிசீவர்ட் (கதிர் அளவு) வரம்பு பொருந்தும். அதனால் வாய்ச்சொல்லோடு விடாமல், தேதி போட்ட கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிஜிக்குப் பிரசவ விடுப்பு உண்டு, அரசு விதிப்படி. 2017 பிரசவகாலப் பயன் திருத்தச் சட்டம் சொல்வது 26 வாரம். தமிழ்நாடு அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். விடுப்பால் பரீட்சை தள்ளிப்போகலாம். ஆகவே தீசிஸுக்கு (ஆய்வேட்டுக்கு) எதிக்ஸ் கமிட்டி அனுமதியை முதல் வருடத்திலேயே முடித்து, நோயாளிகளைச் சேர்ப்பதை விடுப்புக்கு முன்னரே தொடங்குங்கள்.

ஓபியில் "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" தினமும் கேட்கும். கோபப்படாமல், முதல் வாக்கியத்திலேயே "நான்தான் எலும்பு டாக்டர், ஆபரேஷனும் நான்தான் பண்றேன்" என்று சொல்லி, எக்ஸ்ரேவை நீங்களே விளக்கி, கன்சென்டில் (சம்மதப் படிவம்) நீங்களே கையெழுத்து வாங்குங்கள். இந்த ஊரில் வர்ம ஆசான் (பாரம்பரிய எலும்பு வைத்தியர்) போட்ட கட்டோடு வருபவர்கள் அதிகம். ஆசானைப் பழிக்க வேண்டாம், பேச்சு அதோடு முறிந்துவிடும். சொந்தக்காரர் முன்னாலேயே கட்டைத் தளர்த்தி, விரல் நுனியை அமுக்கி நிறம் திரும்புகிறதா என்று காட்டுங்கள்.

லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள்: தேதி, ஐபி (உள்நோயாளி) நம்பர், நீங்கள் செய்த படி, கையெழுத்து. பாதி கேஸில் "அசிஸ்ட்" மட்டும் விழுகிறது என்றால் ஆறு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு கைடிடம் (வழிகாட்டிப் பேராசிரியரிடம்) போகலாம். கணக்கில்லாத புகாரை யாரும் கேட்பதில்லை.

தொல்லை பாலியல் வகை என்றால் வழி வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் (நிறுவனத்திலேயே உள்ள புகார்க் குழு) எழுத்துப் புகார், 6 பிரதிகள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். எதிர்த்தரப்பு உங்கள் மார்க்கில் கைவைக்கக்கூடியவர் என்றால், விசாரணை முடியும்வரை அவர் உங்கள் படிப்பை மேற்பார்வையிடக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேட்க விதி 8 இடம் தருகிறது. குழு தானாகத் தராது. புகாரோடு தனித்தாளில் எழுதிக் கேட்க வேண்டும்.