மேல் செட் சமர்த்து, கீழ் செட் படுத்தல்

எனக்குச் சர்க்கரை வந்து ரொம்ப காலம் ஆகிறது. ஈறு வீங்கி, எலும்பு தேய்ந்து, பற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டு, கடைசியில் மிச்சம் இருந்ததையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புண் ஆறி ஈறு ஒரு நிலைக்கு வரும்வரை சில மாதம் வெறும் வாய்தான். அப்புறம் அளவெடுப்பது, மெழுகில் பல் பதித்துப் பார்ப்பது எல்லாம் முடிந்து பல்செட் கைக்கு வந்தது. அளவெடுக்கும் பசையை வாயில் அழுத்தும்போது கொஞ்சம் குமட்டும். மற்றபடி அதுவரை பெரிய சிரமம் எதுவும் இல்லை.

மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் கச்சேரி. "பழகிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, பழகும்தான். ஆனால் மேலும் கீழும் ஒரே மாதிரி பழகாது.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காருகிறது. இடையில் மெல்லிய எச்சில் படலம் இருப்பதால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். கீழே நாக்குக்கு வழிவிட வேண்டுமே, அதனால் அந்த செட் லாடம் போல வளைந்த ஒரு பட்டைதான். பிடிமானத்துக்கு இடமே கிடையாது. போதாததற்குப் பல் போன பிறகு கீழ்த்தாடை எலும்புதான் அதிகம் கரையும். பல்செட் போட்டவர்களை 25 வருஷம் தொடர்ந்து கவனித்து 1972-ல் வந்த ஓர் ஆய்வில், மேலே கரைவதைப்போல் சுமார் நாலு மடங்கு கீழே கரைவதாகத் தெரிந்ததாம். டாக்டர் இதைச் சொன்னபோதுதான் கோளாறு என்னிடம் இல்லை என்று நிம்மதியானேன்.

முதல் சில நாள் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. ஏதோ உணவு வந்திருக்கிறது என்று வாய் நினைத்துக்கொள்கிறது, தானே அடங்கிவிடும். காப்பியில் மட்டும் ஜாக்கிரதை. அண்ணம் மூடியிருப்பதால் அங்கே சூடு உறைக்காது, நேரே தொண்டையில்தான் சுடும்.

கீழ் செட்டின் உள் ஓரம், நாக்குக்கு அடியில், அழுத்தி அழுத்திப் புண்ணாக்கியது. கழற்றிவைத்து ஆறவிட்டுப் போய்க் காட்டலாம் என்றுதான் தோன்றும். டாக்டர் வேறு மாதிரி சொன்னார்: "வர்றதுக்கு முந்தின நாள் போட்டுக்கிட்டே இருங்கம்மா, அப்பத்தான் எங்க அழுத்துதுன்னு தடம் தெரியும்." செட்டின் உட்புறம் வெள்ளைப் பசை ஒன்றைத் தடவி மாட்டி எடுத்தார். பசை வழித்துப்போன இடம்தான் உறுத்துகிற இடம். அதை மட்டும் லேசாகத் தேய்த்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் ஒருவர் உப்புத்தாளை வைத்து வீட்டிலேயே தேய்த்து, மொத்த செட்டையும் லொடலொடவென்று ஆக்கிவிட்டார்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது நாக்குதான். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டால் கீழ் செட் கிளம்பிவிடும். நுனி நாக்கைக் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் சாதுவாக வைத்திருந்தால் அடங்கி உட்காரும். பேசும்போதும் மெல்லும்போதும் இதையே பழக்கப்படுத்திக்கொண்டேன். பேப்பரை உரக்கப் படித்தேன். ஸ, ச வரும்போதெல்லாம் விசில் அடித்தது. "பாட்டி, சாம்பார் சாதம்னு இன்னொரு தடவை சொல்லு" என்று பேரன் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அதுவும் ஒரு பயிற்சிதான்!

சாப்பாட்டில் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் பிரச்சினை இல்லை. முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஆகவே எதையும் சின்னத் துண்டாக்கி இரண்டு கடைவாயிலும் பங்கிட்டு மெல்ல வேண்டும். தக்காளி விதை ஒன்று அடியில் புகுந்தால் போதும், அடுத்த வாய் இறங்காது.

ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். ஈறுக்கு ஓய்வு வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வேறு எளிதில் வரும். வெந்நீர் கூடாது, செட் வளைந்துவிடும். பற்பசையும் வேண்டாம், கீறல் விழும். சோப்பும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். கழுவும்போது கீழே தண்ணீர் வாளி இருக்கட்டும். கை நழுவித் தரையில் விழுந்தால் இரண்டாகிவிடும்.

எலும்பு கரையக் கரைய செட் தளரும், அப்போது அடியில் புது அக்ரிலிக் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இப்போதைக்குக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து வடை, அவியல் எல்லாம் சாப்பிடுகிறேன். முறுக்குதான் இன்னும் ஆகவில்லை. இடித்துத் தயிரில் ஊறவைத்துத் தருகிறேன் என்கிறாள் மருமகள். அந்த அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.