கோணாம பட்டை வெட்டறது

கோழிப்பண்ணைப் படுதாவை அழுத்திப் பிடிக்க ஒரு இஞ்ச் பட்டை, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு கிளாம்ப், தண்ணித் தொட்டி மூடிக்கு ஓரப்பட்டி. வீட்டுப் பட்டறையில இப்படி ஏதாவது ஒண்ணுக்குத் தகட்டை நீளவாக்குல வெட்ட வேண்டியது வந்துட்டேதான் இருக்கும். வெட்டறது சுலபம்ங்க. வெட்டினது வாழைப்பட்டை மாதிரி வளையாம தரையில படிஞ்சு கிடக்கோணும், அதுதான் வேலை. இதுக்காகக் கருவியை மாத்தி மாத்தி வாங்கறவங்க நிறைய. தகட்டைக் கோட்டுக்கு ஒட்டினாப்புல இறுக்கிப் பிடிச்சுட்டா, இருக்கிற கருவியே போதும்.

தகடு வாங்கறப்ப கேஜ் நம்பரைச் சொல்லிட்டு நிக்காதீங்க, மி.மீ. கேளுங்க. 20 கேஜ்னா 0.9 மி.மீ., 18 கேஜ் 1.2, 16 கேஜ் 1.6. நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும். கடையிலயே வெர்னியர் (தடிமன் அளக்கற கருவி) வெச்சுப் பார்த்துடறது நல்லது. 8க்கு 4 அடி 20 கேஜ் இரும்புத் தகடு 21 கிலோ வாக்குல வரும். அதுல ரொம்பக் குறைஞ்சா தகடு மெலிசுன்னு அர்த்தம்.

குறி போடறதுல ரெண்டு தப்பு அடிக்கடி நடக்குது. மார்க்கர் பேனாக் கோடே 1 மி.மீ. தடிமன், அதுல எந்தப் பக்கம் வெட்டறதுன்னு யாருக்கும் தெரியாது. மார்க்கரைப் பட்டையாத் தீட்டி, அது மேல ஸ்கிரைபர்ல, அதாவது கோடு கீறற கூர் ஊசியில, மெல்லிசா ஒரு கீறல் போடுங்க. ஜி.ஐ. தகட்டுல (துத்தநாகம் பூசின இரும்பு) வெட்டற இடத்துல மட்டும் கீறோணும். மடிக்கிற கோட்டைக் கீறினா துத்தநாகப் பூச்சு போய் அங்கயே துரு பிடிக்கும். அடுத்தது, ஒரு பட்டையை அளந்து அதோட ஓரத்துல இருந்து அடுத்ததை அளக்கறது. அரை மி.மீ. தப்பு ஆறாவது பட்டைக்குள்ள 3 மி.மீ. ஆயிடும். எல்லாத்தையும் ஒரே விளிம்புல இருந்து அளங்க. கையில பிடிச்சு வெட்டற ஆங்கிள் கிரைண்டர்ல வெட்டறதா இருந்தா வீல் தின்னறதையும் சேர்க்கோணும். 1 மி.மீ. வீல் கை ஆட்டத்தோட ஒன்றரை மி.மீ. வரைக்கும் தின்னும், ஆறு வெட்டுக்கு 9 மி.மீ.

கோடு கிழிக்கிற அலுமினிய செக்ஷன் நேரா இருக்குதான்னு பாக்க ஒரு வழி: ரெண்டு புள்ளி வெச்சு ஒரு கோடு கிழிங்க. செக்ஷனைத் திருப்பிப் போட்டு, அதே விளிம்புல அதே புள்ளி வழியா இன்னொண்ணு. நடுவுல ரெண்டும் பிரிஞ்சா, பிரிஞ்ச அகலத்துல பாதிதான் அதோட கோணல்.

1.6 மி.மீ. வரைக்குமான குறுகின பட்டைக்கு எனக்குப் பிடிச்சது பழைய உளி முறைதான். கரண்ட் வேண்டாம், பொறி இல்லை, சூடும் இல்லை. 40×40×5 மி.மீ. இரும்பு ஆங்கிள் (L வடிவக் கம்பி) ரெண்டை முதுகுக்கு முதுகா வெச்சு, ரெண்டு முனையிலயும் 12 மி.மீ. போல்ட் போடுங்க. நடுவுல தகட்டைச் சொருகி, கோடு ஆங்கிளோட மேல்தளத்துக்குச் சரியா வர்ற மாதிரி வெச்சு வைஸ்ல கடிக்க விடுங்க. நடுவை வைஸ் பிடிச்சுக்கும், முனையை போல்ட் பிடிச்சுக்கும். இடைப்பட்ட இடத்துல ஆங்கிள் லேசா வாயைத் திறக்கும், அங்க ரெண்டு பக்கமும் அடியில இருந்து ஒவ்வொரு சி கிளாம்ப் போடுங்க. வேணுங்கற பட்டை ஆங்கிளுக்குள்ளதான் இருக்கோணும். உள்ள இருக்கிறது தட்டையா வரும், மேல நிக்கறது சுருளும்.

உளியோட கீழ்ச்சரிவு ஆங்கிள் மேல படிஞ்சு உக்காரோணும். உளியைத் தகட்டுக்கு நேர் குறுக்கா பிடிக்காம 45 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சா, கூர்முனையில ஒரு மூலை மட்டும் கடிக்கும், கத்திரி வெட்டற மாதிரி நகர்ந்துட்டே போகும். உளியோட பின்பக்கத்தைத் தூக்கினா முனை ஆங்கிளைக் கொத்தும், தாழ்த்தினா வெட்டு மேல ஏறிப் படி படியா நிக்கும். மேல நின்ன தகட்டோட வளைஞ்ச ஓரத்தை மரச்சுத்தியல்ல தட்டி நிமித்தாம அடுத்த பட்டைக்குப் போயிடாதீங்க. பெரிய தகடா இருந்தா முதல்ல ஒரு அடி அகலத்துக்குப் பிரிச்சுக்கறது சவுகரியம்.

தகரக் கத்திரி 22 கேஜுக்கும் அதை விட மெலிசானதுக்கும் மட்டும். வாயை முழுக்க மூடாதீங்க. நுனி மூடற இடத்துலதான் சின்னக் கொக்கி மாதிரி பிசிர் நிக்கும், கையைக் கிழிக்கறது அதுதான். அரை இஞ்ச்சுக்குக் குறைஞ்ச பட்டை கத்திரியில முறுக்கு மாதிரி சுத்திக்கும்.

கிரைண்டர்ல வெட்டறவங்க ஆங்கிளை கிளாம்ப் பண்ணி, வீலை அது மேல உரசிட்டே ஓட்டறாங்க. 1 மி.மீ. வீல் பக்கவாட்டு அழுத்தம் தாங்காது, சிதறும். வழிகாட்டி முதல் ஓட்டத்துக்கு மட்டும்தான்: வீல் சும்மா தொட்டுட்டுப் போற மாதிரி கால் மி.மீ. பள்ளம் போட்டுட்டா, அடுத்தடுத்த ஓட்டத்துல வீல் அந்தப் பள்ளத்துலயே போகும். ஒரே மூச்சுல வெட்டினா ஓரம் காய்ஞ்சு நீளும். 1 மீட்டர் இரும்பு 100 டிகிரி ஏறினா 1.2 மி.மீ. நீளும், பக்கத்துல இருக்கிற குளிர்ந்த இரும்பு அதை விடாது. அமுங்கின ஓரம் ஆறறப்ப சுருங்கிப் பட்டையை வில்லா இழுக்கும். அதனால அரை அடி வெட்டி, அரை அடி தாண்டி, ஆறினதுக்கு அப்புறம் விட்டதை வெட்டுங்க. நடுவுல ரெண்டு மூணு இடத்துல 10 மி.மீ. பாலம் விட்டு, அதைக் கடைசியில அறுத்தா பட்டை தொங்கி வீலைக் கவ்வாது.

நாலு இஞ்ச் கிரைண்டர்ல வீலை மூடியிருக்கிற கார்டைக் கழட்டிட்டு அஞ்சு இஞ்ச் வீல் மாட்டற பழக்கம் நம்ம பக்கம் சர்வசாதாரணம். அந்த வீலோட உச்ச வேகம் இந்த மெஷினுக்குப் பொருந்துதான்னு யாரும் பாக்கறதில்லை. வேண்டாம்ங்க. தறிக்குடோன் பக்கத்துல பஞ்சு, தோட்டத்துல தென்னை ஓலை, ரெண்டும் ஒரு பொறிக்குப் பத்திக்கும். ஜி.ஐ.யை வெளியில காத்தோட்டத்துல மட்டும் வெட்டுங்க, துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும். கருகின ஓரத்துக்கு ஜிங்க் பெயின்ட் ஒரு கோட்.

அலுமினியத்துக்கு இரும்பு வெட்டற வீல் ஆகாது, அப்பிக்கும். 1 மி.மீ. தடிமன்ல விறைப்பான அலுமினியத்தை சன்மைக்கா கட்டர்ல பாதி ஆழம் கீறி, முன்னும் பின்னும் மடிச்சா ஒடஞ்சு வரும்.

பத்துப் பட்டைக்கு மேலன்னா கோயமுத்தூர்ல கணபதி, ஆவாரம்பாளையம் மாதிரி இடத்துல ஷியரிங் பண்ற, அதாவது பெரிய பிளேடு மெஷின்ல தகடு வெட்டித் தர்ற, பட்டறைக்கே கொண்டு போயிடுங்க. ஆனா அங்கயும் குறுகின பட்டை முறுக்கிக்கும், மேல் பிளேடு சாய்வா இறங்கறதால. ஒரு முனையை வைஸ்ல வெச்சு, மறுமுனையை ஸ்பேனர்ல கடிச்சு எதிர்ப்பக்கம் திருகினா நிமிரும். முதல் வெட்டா ஓரத்தைச் சீவச் சொல்லுங்க, தகட்டோட விளிம்பு எப்பவும் நேரா இருக்காது. பின்னாடி குறுக்க மடிக்கப் போற பட்டைன்னா தகடு உருட்டின திசையிலயே நீளம் வர்ற மாதிரி வெட்டச் சொல்லோணும், இல்லைன்னா மடிப்புல வெடிப்பு விடலாம். பிசிர் பட்டையோட ஒரு ஓரத்துல மேல் பக்கமும், மறு ஓரத்துல கீழ்ப் பக்கமும் நிக்கும். பிசிர் மேல வர்ற மாதிரி திருப்பித் திருப்பி வெச்சு, அரத்தைச் சாய்ச்சு ஒவ்வொரு ஓரத்துக்கும் ரெண்டு இழுப்பு.