மவுசாகலைப் பலகை: நான்காம் முயற்சியில் விளிம்புகள் படிந்தன

சிறு சில்லுகளை ஒட்டிப் படம் அமைக்கும் என் காகித மொசைக் பலகையின்மேல், பசை காயும்வரை ஏற்றிவைத்த பாரத்தை எடுத்து இன்றோடு 9 நாட்கள் ஆகின்றன. இலங்கை மலையகத்திலுள்ள மஸ்கெலியாவின் ஜூன் மாதப் பனிமூட்டம் ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்குள் வந்து போய்க்கொண்டே இருந்தும், படத்தின் நீர்ப்பகுதியில் ஒட்டிய ஏறத்தாழ 1,600 காகிதச் சில்லுகளில் 11 மட்டுமே விளிம்பு தூக்கியிருக்கின்றன. மூன்றாம் முயற்சியில் இரண்டாம் நாளிலேயே நூற்றுக்கு மேற்பட்டவை தூக்கிக்கொண்டு நின்றதால், எண்ணுவதையே கைவிட்டிருந்தேன். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை, ஈரமான மலைப் பிரதேசத்தில் காகித மொசைக் செய்கிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

பலகையின் அளவு 45 × 60 செ.மீ. மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனதையும், வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து மேலெழுந்து நிற்பதையும் இங்குள்ளவர்கள் அறிவார்கள். வெடித்த சேற்றுத் தரையின் நடுவே நின்று அந்தக் கோவிலைப் பார்த்த நாளில்தான், அந்தத் தரையே ஒரு மொசைக் என்று எனக்குப் பட்டது. மேற்பாதியில் பின்வாங்கும் நீர், கீழ்ப்பாதியில் வெடித்த சேறு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோவில் என்பது என் அமைப்பு. நீருக்குக் காகிதம், சேற்றுக்கு முட்டை ஓடு, கோவிலுக்கு இன்னும் முடிவாகாத ஒன்று.

நீருக்கு நான் எடுத்தது தேயிலை அடைக்கும் பல அடுக்குக் காகிதச் சாக்கு. அடுக்குகளைப் பிரித்து, சிலவற்றைச் சாயத்திலும் சிலவற்றைக் கடும் தேயிலைச் சாற்றிலும் தோய்த்து உலர்த்தி, 8 மி.மீ. சதுரங்களாக வெட்டி, 1 மி.மீ. சந்து விட்டு ஒட்டுகிறேன். முதல் முயற்சியில் பலகையே வளைந்தது. பிளைவூட்டின் முன்புறத்தில் மட்டும் கறுப்பு அடித்தாள் ஒட்டியதால், அது காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கமாக இழுத்துவிட்டது. அதே தாளை, நார் ஓடும் திசை மாறாமல் பின்புறத்திலும் ஒட்டியதும் அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் சில்லுகளின் விளிம்புத் தொல்லை தீரவில்லை. கோதுமை மாப் பசை, பைண்டர் கம், இரண்டின் கலவை என எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். குற்றம் பசையில் என்று நினைத்தே இரண்டு முயற்சிகளை வீணாக்கினேன்.

மூன்றாம் பலகையை உருப்பெருக்கி வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புலப்பட்டது. தூக்கியிருந்த ஒவ்வொரு சில்லிலும் எதிரெதிரான இரண்டு விளிம்புகள் மட்டுமே தூக்கியிருந்தன. மற்ற இரண்டும் மயிரிழையும் அசையாமல் படிந்திருந்தன. தூக்கிய விளிம்புகள் எல்லாம் காகிதத்தின் நாருக்கு இணையானவை. இயந்திரத்தில் செய்த காகிதம் நனைந்தால் நாரின் நீளவாக்கில் மிகக் குறைவாகவும், அதற்குக் குறுக்கே அதிகமாகவும் விரியும். அடிப்பக்கம் மட்டும் பசையில் நனைந்த சில்லு, அடியில் விரிந்து மேலே விரியாமல், சிறு தோணி போல் வளைகிறது. ஈரம் மேற்பக்கத்துக்கும் ஊறிய பிறகு அது தானாகவே மட்டமாகிவிடும்; ஆனால் அதற்குள் விளிம்பில் இருக்கும் பசை இறுகிவிட்டால், தூக்கிய கோலத்திலேயே நின்றுவிடும். நானோ, மூட்டத்துக்குப் பயந்து, ஒட்டி முடித்த பலகையை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து அந்த இறுகலை விரைவுபடுத்திக்கொண்டிருந்தேன்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள், கொழுந்தை உலர்த்தும் டிரையரில் வேலை பார்த்தவர். அடுப்படியில் பலகையைக் கண்டதும், "அவசரமா சூடு காட்டாத, புள்ள. மேல காஞ்சிரும், உள்ள ஈரம் நிக்கும். தூளும் அப்பிடித்தான் கெட்டுப்போகும்," என்றார். அளவுக்கு மீறிய சூட்டில் தேயிலையின் மேற்புறம் மட்டும் இறுகி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் போவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். என் சில்லுகளுக்கும் அதுவே நடந்தது.

ஆகவே நான்காம் பலகையில் ஒழுங்கையே மாற்றினேன். வெட்டிய சில்லுகளை, பிழிந்தெடுத்த இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே அரை மணி நேரம் வைத்தேன். சில்லு இரண்டு பக்கமும் ஈரம் ஏற்று, முன்கூட்டியே விரிந்து, சாமணத்தில் எடுத்தால் துவளும் பதத்துக்கு வர வேண்டும். சொட்டும் ஈரம் கூடாது, சாயம் கசியும். பிறகு மெல்லிய பசையைச் சில்லிலும் பலகையிலும் தடவி, நடுவிலிருந்து விளிம்புக்கு விரல்நுனியால் ஒருமுறை மட்டும் நீவினேன். 4 வரிசைக்கு ஒருமுறை பொலித்தீன் தாள், அதன்மேல் தடித்த அட்டை, அதன்மேல் இரண்டு செங்கற்கள். அடுப்பின் பக்கமே போகவில்லை. காயும்போது சில்லுகள் சற்றுச் சுருங்கி முரசுத் தோல் போல் இறுகுகின்றன. சந்து எதிர்பார்த்ததைவிடச் சிறிது அகலமாகிறது. அந்தக் கறுப்புக் கோடு நீருக்கு ஆழம் கொடுப்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். எல்லாச் சில்லுகளின் நாரும் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டியதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது: சாய்ந்த வெளிச்சத்தில் நீர் முழுவதும் ஒரே பக்கமாக நகர்வது போல் தெரிகிறது.

காகிதம் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நார் நீளவாக்கில் ஓடும் தாள் வேண்டும் என்று தெளிவாக எழுதியும், கொழும்பிலுள்ள ஒரு கடை குறுக்கு நார்த் தாளை, அதுவும் இறுக்கமாகச் சுருட்டி அனுப்பியது. அந்தச் சுருளை நிமிர்த்தவே ஒரு வாரம் ஆயிற்று. தொலைவிலிருந்து தாள் வாங்குவோர், தட்டையாகக் கட்டி அனுப்பச் சொல்வதோடு, வந்தவுடன் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழியும் திசையே நார். கோவில் சுவருக்கு, பின்னவலைப் பக்கத்தில் யானைச் சாணத்திலிருந்து செய்யும் காகிதத்தை நினைத்திருக்கிறேன். கையால் செய்த தாளில் நார் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் ஒரு பக்கமாகச் சுருளாது. அதன் சொரசொரப்பும் நீரில் ஊறிய சுவருக்குப் பொருந்தும்.

நீரில் வெயில் படும் இடத்துக்கு, வீட்டில் இருந்த பழைய தேயிலைப் பெட்டியின் உட்புற ஈயத்தாளை எடுத்தேன். இத்தாலியின் ரவென்னாவில் 6ஆம் நூற்றாண்டுத் தேவாலய மொசைக்குகளில், பொற்சில்லுகளைச் சற்றுச் சாய்த்துப் பதித்ததால்தான் அவை அப்படி மின்னுகின்றன. அதைப் பின்பற்றி, ஒவ்வொரு ஈயத்தாள் சில்லின் மேல் விளிம்புக்கு அடியிலும் ஒரு தையல் நூல் துண்டை வைத்து ஒட்டுகிறேன். காகிதத்தில் எந்தத் தூக்கலை ஒழிக்க இரண்டு பலகைகளை இழந்தேனோ, அதே தூக்கல் இங்கே அளவோடு வேண்டியிருக்கிறது. மேசையைச் சுற்றி நடந்தால் வெளிச்சம் சில்லுக்குச் சில்லு தாவுகிறது.

சேற்றுப் பகுதியில் கைவைக்கவே இல்லை. உள்தோல் உரித்த ஓடுகள் இரண்டு டப்பா நிறையக் காத்திருக்கின்றன. பெரிய ஓட்டைப் பசையின்மேல் கவிழ்த்துவைத்து நகத்தால் அழுத்தினால், அது தானாகவே வெடித்துப் பரவும் கோலம் வற்றிய தரையின் வெடிப்பேதான். பள்ளிவாசலையும் விகாரையையும் தனித்தனிப் பலகைகளாகச் செய்து மூன்றையும் ஒரே வரிசையில் மாட்ட வேண்டும் என்ற ஆசையில், அவற்றுக்கான பிளைவூட்டையும் வெட்டிவைத்துவிட்டேன். ஆனால் முதலில் இந்த 11 சில்லுகளையும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். அதன்பின் மிஞ்சியிருக்கும் 40 ஈயத்தாள் சில்லுகள்.