சமையலறைக் கழிவு வாசல் தாண்டாமல் இருக்க மூன்று பெயிண்ட் வாளிகள்

மறுசுழற்சி என்றதும் பிளாஸ்டிக் பாட்டிலும் பழைய பேப்பரும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பேப்பரையும் பாட்டிலையும் பயனில்லாமல் ஆக்குவது எது என்று பார்த்தால், அது சாம்பார். சாதம், ரசம், காய்த்தோல், டீத்தூள், நோட்டுத்தாள், அட்டை எல்லாம் ஒரே பையில் விழுந்து, முடிச்சுப் போட்டு ஒரு நாள் வெயிலில் கிடந்தால் போதும். தாள் ஊறி நைந்துவிடும், அட்டையில் எண்ணெய் ஏறிவிடும். பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொடமாட்டார். தயிர் காய்ந்து ஒட்டிய பால் கவரைக் கழுவி எடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. கடைசியில் எல்லாம் குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

அதனால் மக்கும் குப்பையை வாளியில் உரமாக்கி வீட்டிலேயே நிறுத்துவதுதான் முதல் வேலை. அதைச் செய்துவிட்டால் மிச்சமுள்ள குப்பை காய்ந்து, நாற்றமில்லாமல், விலைபோகும் பொருளாக இருக்கும். நம் நகரக் குப்பையில் எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதி ஈரக்குப்பை. அது மேட்டில் காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் வலுவுள்ளது. தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றியெரிந்து சுற்றுப்பக்கமெல்லாம் புகை சூழ்ந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மேடு இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல்.

இனி வாளிக்கு வருவோம். கடையில் அழகான மண் அடுக்குப் பானைகள் கிடைக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் 20 லிட்டர் காலி பெயிண்ட் வாளி அதே வேலையைச் செய்யும். வீடு வெள்ளையடிக்கும் இடத்தில் கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயிண்ட் வந்த வாளியாகப் பார்த்து எடுங்கள், தின்னர் ஊற்றும் எனாமல் பெயிண்ட் வாளி வேண்டாம். உள்ளே காய்ந்திருக்கும் பெயிண்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் தோலாக உரிந்து வரும். ஒரு துணுக்குகூட இல்லாமல் எடுத்துவிடுங்கள். விட்டால் உரத்தில் கலந்து செடித்தொட்டி வரை போய்விடும்.

நாலு பேர் உள்ள வீட்டில் காய்கறிக் கழிவு தினம் அரைக்கிலோவுக்குக் குறையாது. போடப்போட அமுங்கிக்கொண்டே வருவதால் ஒரு வாளி நிரம்ப மூன்றிலிருந்து நாலு வாரம் ஆகும். நிரம்பியது மக்கி முடிய, நம் வெயிலில் இன்னும் 45 முதல் 60 நாள். ஒன்று நிரம்பும்போது இரண்டு மக்கிக்கொண்டிருக்கும் என்பதால் மூன்று வாளி. இரண்டே வாளியோடு தொடங்குபவர்கள் மூன்றாவது மாதம் இடமில்லாமல், பாதி மக்கியதைத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். செடி மஞ்சளாகிறது, பழி உரத்தின் மேல் விழுகிறது.

துளை போட 6 மி.மீ. டிரில் பிட் சரியான அளவு. டிரில்லர் இல்லையென்றால் கம்பியைச் சூடுபண்ணித் துளைக்கலாம், ஆனால் மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நாலு வரிசை, துளைக்குத் துளை மூன்று அங்குல இடைவெளி. அடியில் எட்டுத் துளை. பக்கத் துளைகளுக்கு மேல் வெளியிலிருந்து பழைய கொசுவலையைச் சுற்றி ஒட்டிவிட்டால் ஈ புகாது, காற்றுப் புகும். வாளியை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி அடியில் ஒரு தட்டு வையுங்கள். தரையோடு தரையாக வைத்தால் அடித்துளை அடைபட்டு, கீழ்ப்பகுதி சேறாகி நாறும். மழையும் நேர் வெயிலும் படாத இடமாக இருக்கட்டும்.

அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நார், அதற்கு மேல் ஒரு கைப்பிடி பழைய உரம் அல்லது காய்ந்த சாணத்தூள். இரண்டும் இல்லையென்றால் புளித்த மோர் ஒரு டம்ளரை நாரின் மேல் தெளித்தாலும் போதும். கடையில் பாக்கெட்டில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி இருந்தால் வேகம் கூடும், இல்லாவிட்டாலும் மக்கும். காய்த்தோலிலேயே வேண்டிய நுண்ணுயிர் இருக்கிறது.

எல்லாருக்கும் தடுக்குகிற இடம் காய்ந்த பொருள். காய்கறிக் கழிவில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தண்ணீரும் அதிகம், கரிச்சத்து (கார்பன்) குறைவு. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து வேண்டும். அதைக் கொடுப்பது சருகு, தேங்காய் நார்க்கழிவுத் தூள், மரத்தூள், கிழித்த செய்தித்தாள். கனஅளவில், ஒரு கிண்ணம் கழிவுக்கு நொறுக்கிய சருகு ஒரு கிண்ணம்; நார்த்தூள் என்றால் அரைக் கிண்ணம்; மரத்தூள் கால் கிண்ணம் போதும், அதில் கரிச்சத்து மிக அதிகம். மரத்தூள் எடுக்கும்போது அது அசல் மரத்தை அறுத்த தூளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளைவுட் அறுத்த தூளில் பசை இருக்கும். செடிக்கும் ஆகாது, சாப்பிடும் கீரைக்கும் ஆகாது. நார்க்கழிவுக் கட்டி வாங்கினால் உப்பு போகக் கழுவிய ரகமாகப் பாருங்கள். கழுவாத ரகத்தில் உப்பு ஏறி, உரம் போட்ட செடியின் இலை நுனி கருகும். மாடித்தோட்டத்துக்குக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். வாளிக்கு அப்படி வேண்டாம், காய்ந்தபடியே உதிர்த்துப் போடுங்கள். ஈரம் உறிஞ்சத்தான் அதைப் போடுகிறோம்.

தினசரி வேலை மூன்று நிமிடம்தான். சிங்க் ஓரத்தில் ஓட்டைக் கூடை ஒன்று வைத்துக் கழிவைத் தண்ணீர் வடியவிடுங்கள். பெரிய துண்டுகளை இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லாமல் வெட்டுங்கள். பூசணிக் குடல், தர்பூசணித் தோல் இரண்டும் முழுக்கத் தண்ணீர் என்பதால் அன்றைக்குக் காய்ந்த பொருளை இரட்டிப்பாக்குங்கள். போட்டவுடன் மேலே நார்த்தூளோ சருகோ தூவி மூடவேண்டும். கழிவின் நிறமே வெளியே தெரியக்கூடாது. வாரம் இரண்டு முறை ஒரு கழியால் அடிவரை குத்திக் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரவேண்டும். கொட்டினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, கீரைத் தண்டு, வாடிய பூ, சர்க்கரை போகக் கழுவிய டீத்தூள் எல்லாம் போகலாம். முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்ஸியில் பொடித்துப் போடுங்கள், முழுதாகப் போட்டால் ஓர் ஆண்டானாலும் அப்படியே கிடக்கும். முருங்கைச் சக்கையும் கறிவேப்பிலைக் காம்பும் மக்கும், ஆனால் இரண்டு சுற்று எடுக்கும். மாங்கொட்டை, சிரட்டை வேண்டாம். சமைத்த சாதம் கொஞ்சம் போகலாம். ஒரு கிண்ணத்துக்கு மேல் போனால் கட்டியாகி, உள்ளே காற்றில்லாமல் புளிக்கும். எண்ணெய்ப் பண்டம், ஊறுகாய், மீன் முள், கறி எலும்பு வாளிக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கழிவின் மேல் படிந்து காற்றைத் தடுக்கிறது, உப்பு நுண்ணுயிரைக் கொல்கிறது, மீன் எலியை அழைத்துவருகிறது.

எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் நிறைய விழும் வீடுகளில் அதைத் தனியாக நொதிக்கவைக்கலாம். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, எடைக்கணக்கில். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் கால்பாகம் காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். மூன்று மாதத்தில் வடிகட்டினால் லேசான புளிப்புக் கரைசல் கிடைக்கும். பாத்ரூம் தரைக்கு நல்லது, மார்பிள் தரையில் மட்டும் ஊற்றாதீர்கள், அரித்துவிடும்.

நாற்றம் வந்தால் பதறி வாளியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எந்த நாற்றம் என்று மோந்து பார்த்தாலே காரணம் தெரியும். மூக்கை எரிக்கும் அம்மோனியா வாடை என்றால் தழைச்சத்து கூடிவிட்டது, சருகு சேருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை, ஈரம் அதிகம். அப்போது மேலே சருகு தூவுவது மட்டும் உதவாது. முழுவதையும் ஒரு தட்டில் கொட்டி, நார்த்தூள் கலந்து, அடைபட்ட அடித்துளையைக் குத்திவிட்டுத் திரும்ப நிரப்பவேண்டும். புளித்த வாடை சாதத்தால் வருவது, இரண்டு நாள் கிளறினால் போய்விடும். தட்டில் வடியும் பழுப்பு நீரைச் சிலர் டானிக் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அது பாதி அழுகிய சாறு, வேரைக் கெடுக்கலாம். காய்ந்த சருகுக் குவியலில் ஊற்றுவதே நல்லது.

அதிகம் பேர் கைவிடுவது புழுவைப் பார்த்துத்தான். சாம்பல் நிறத்தில், தட்டையாக, வரிவரியாக, முக்கால் அங்குலம் வரை நீளும் புழு என்றால் அது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. நமக்கு எந்தத் தீங்கும் செய்யாது. கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ சோற்றில் வந்து மொய்க்காது. ஈரம் குறைந்தால் புழுவும் தானாகக் குறையும். சின்னச் சின்னப் பழ ஈ பறந்தால் மேல்மூடாக்குப் போதவில்லை என்று பொருள். எறும்பு ஏறினால் உள்ளே காய்ந்துகிடக்கிறது, தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் நல்லது, விட்டுவிடுங்கள். நாற்றமும் இல்லை, புழுவும் இல்லை, ஆனால் ஒரு மாதமாக நார்த்தூள் அப்படியே இருக்கிறது என்றால் காய்ந்த பொருளைக் கூடப் போட்டுவிட்டீர்கள். பச்சைக் கழிவும் ஒரு டம்ளர் சாணிக்கரைசலும் சேர்த்தால் திரும்ப வேலை தொடங்கும்.

முடிந்த உரம் கருப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்வாசனையோடு இருக்கும். 4 அல்லது 5 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே தங்கும் குச்சிகளை அடுத்த வாளிக்கு அடியில் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஈரமாக ஒரு பிடியை மூடிய டப்பாவில் மூன்று நாள் வைத்துத் திறங்கள். நாறினால் இன்னும் மக்கவில்லை. இன்னொரு வழி, பத்து வெந்தயத்தை அதில் விதைப்பது. ஏழெட்டு விதையாவது முளைத்து, இலை பச்சையாக நின்றால் தொட்டிக்குப் போகலாம். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம். உரத்தை மட்டும் நிரப்பிச் செடி வைக்கக்கூடாது.

ஈரம் போனபின் கையில் நிற்கும் குப்பை சுலபமானது. பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டாமல், தொங்கும்படி கீறுங்கள். அந்தச் சின்ன முக்கோணம் எந்தக் காயலான் கடைக்கும் போய்ச் சேராது, சாக்கடைக்குத்தான் போகும். கவரை விரித்துக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவையுங்கள். அரை லிட்டர் கவர் ஒன்று சுமார் 3 கிராம்; முந்நூற்றுச் சொச்சம் சேர்ந்தால் ஒரு கிலோ, பல கடைகளில் தனி விலை உண்டு. மற்ற பிளாஸ்டிக் பொருள்களில் அச்சிட்ட முக்கோணச் சின்னத்தைப் பாருங்கள். அதற்குள் 1 என்றால் தண்ணீர் பாட்டில் ரகம், 2 என்றால் ஷாம்பு பாட்டில், 5 என்றால் ஹோட்டல் பார்சல் டப்பா. மூன்றுக்கும் ஆள் இருக்கிறது. எண் அழிந்திருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். 2, 5 மிதக்கும். 1 மூழ்கும். சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் பிரிக்கமுடியாதபடி ஒட்டியிருக்கின்றன, எந்தக் கடையும் வாங்காது. அதைக் குறைக்க ஒரே வழி வாங்காமல் இருப்பது, நேரே சொல்லவேண்டியதுதான். சூப்பர் மார்க்கெட் பில்லும் ஏ.டி.எம். சீட்டும் ரசாயனம் பூசிய தாள். பழைய பேப்பர் கட்டிலும் சேர்க்காதீர்கள், உர வாளியிலும் போடாதீர்கள். எண்ணெய் பட்ட வடைக் காகிதத்தில் எண்ணெய் லேசாகத்தான் இருந்தால் கிழித்து வாளியில் போடலாம்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, தீர்ந்த பேட்டரி, டியூப்லைட் ஆகியவற்றை உர வாளியிலும் காய்ந்த குப்பையிலும் கலக்கக்கூடாது. ஊசி, பேட்டரி, டியூப்லைட் போன்றவற்றை 2016 திடக்கழிவு விதிகளும் தனி வகையாகத்தான் பிரித்தன. கண்ணாடியை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, மேலே பெரிதாகக் ‘கண்ணாடி’ என்று எழுதுங்கள். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் பழைய உறையிலேயே கொடுங்கள். சானிட்டரி நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால், வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் பிரித்துப் பார்க்க நேராது. அவர்கள் பலர் இன்னும் கையுறை இல்லாமல்தான் குப்பையைப் பிரிக்கிறார்கள்.